பச்சைக்கிளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகிறவர் என்று தெரிந்துவிட்டால், தெருவில் நிறுத்திக் கேட்கப்படும் முதல் கேள்வி கிளியைப் பற்றியதாகத்தான் இருக்கும். மயிலையும் குயிலையும் அப்புறம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பச்சைக்கிளின்னா எந்தக் கிளி? நம்ம ஊருல எல்லாம் ஒரே கிளிதானா?

வயல், தோப்பு, ஊர், நகரம் என்று தமிழ்நாடு முழுவதும் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே இனம். பறவை நூல்களில் செந்தார்ப் பைங்கிளி என்று வரும். நீளம் சுமார் 40 செ.மீ. அதில் பாதிக்கு மேல் வால்தான். எடை 100 கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் பக்கம் மட்டுமல்லாமல், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் குறுக்கேயும் இதே இனம் இயற்கையாக வாழ்கிறது.

வேறு கிளிகளும் நம்மிடம் உண்டு. தோளில் சிவப்புத் திட்டோடு உருவில் பெரியதாக இருப்பது பெரிய பச்சைக்கிளி. ஆணின் தலை நாவல்பழமும் ரோஜாவும் கலந்த நிறத்தில் இருந்தால் அது செந்தலைக் கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக இல்லாதது நீலப் பைங்கிளி. மலையடிவாரக் காடுகளில் வால் குட்டையான, சிட்டுக்குருவி அளவே உள்ள சின்னக்கிளியும் இருக்கிறது. அது வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். இந்தப் பக்கத்தில் நான் கிளி என்று சொல்வதெல்லாம் செந்தார்ப் பைங்கிளியைத்தான்.

ஆண் எது, பெண் எது? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கழுத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குத் தாடையிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று சுற்றி வரும். பிடரியில் அதை ஒட்டி ரோஜா நிற வளையம் இருக்கும். பெண்ணுக்கு அந்த ஆரம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: ஆரம் இல்லாததெல்லாம் பெண் அல்ல. ஆண் குஞ்சுக்கு இரண்டு மூன்று வயதுவரை ஆரம் தெளிவாக வராது. கூட்டத்தில் ஆரமில்லாத பறவைகள் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாயங்காலம் கீச்கீச்னு கத்திக்கிட்டே கூட்டமா போகுதே, எங்கே போகுது?

தூங்கப் போகின்றன. பகலில் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து இரை தேடும் கிளிகள், பொழுது சாயும் நேரத்தில் ஒரு குறிப்பிட்ட அடைமரத்துக்கு வந்து சேரும். ஆலமரம், தூங்குமூஞ்சி மரம், மாந்தோப்பு, தென்னந்தோப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கூடும். மைனாவும் காகமும் அதே மரத்தில் அடைவது உண்டு. இடம் பிடிக்கும் சச்சரவெல்லாம் முடிந்து இருட்டும்போது சத்தம் சட்டென்று அடங்கும்.

அடைமரத்தைக் கிளிக்கூடு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அவை முட்டை இடுவதில்லை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் பெட்டைகள் பொந்திலேயே தங்கிவிடுவதால், அடைமரத்தில் ஆணும் இளசுகளுமே மிகுதியாக இருக்கும்.

கிளிக்கூடு எப்படி இருக்கும்? ஒரு தடவைகூட பார்த்ததில்லையே.

பார்க்க முடியாது, ஏனென்றால் கிளி கூடு கட்டுவதே இல்லை. குச்சி பொறுக்காது, நார் சேர்க்காது. ஏற்கெனவே இருக்கும் பொந்துக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் மரத்தூள் மேலேயே முட்டை இட்டுவிடும்.

அந்தப் பொந்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் கிளியின் வாழ்க்கையில் முக்கியமான விஷயம். மரங்கொத்தி குடைந்து, குஞ்சு பொரித்துவிட்டுக் கைவிட்ட பொந்து. குக்குறுவான் என்ற பறவை காய்ந்த கிளையில் போட்ட சிறு துளை; அதன் வாயைக் கிளி தன் அலகால் கடித்துப் பெரிதாக்கிக் கொள்ளும். கிளை முறிந்த இடத்தில் மரம் உளுத்து உண்டான குழி. மட்டை உதிர்ந்து நிற்கும் மொட்டைப் பனையின் உச்சி. பழைய கோட்டைச் சுவர், கோபுரம், பாலம் இவற்றில் உள்ள ஓட்டைகள். கெட்டியான மரத்தில் புதிதாக ஒரு பொந்தைத் தொடக்கத்திலிருந்து குடைவது கிளிக்கு வேலை அல்ல. வேறொருவர் தொடங்கியதைத் திருத்தி எடுத்துக்கொள்கிறது. எனவே மரங்கொத்தி இல்லாமல் போன ஊரில், எவ்வளவு பழம் பழுத்தாலும், கிளி குடும்பம் நடத்துவது கடினம்.

எந்த மாசத்துல முட்டை இடும்? குஞ்சு எப்ப பறக்கும்?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் மார்கழி, தை தொடங்கிச் சித்திரைக்குள். வடக்கே போகப் போகச் சற்றுத் தள்ளிப் போகும். பொதுவாக 3 முதல் 5 வரை, சுத்த வெள்ளையான, உருண்டை முட்டைகள். இருட்டுப் பொந்துக்குள் ஒளித்து வைக்க வேண்டியதில்லை என்பதால் முட்டையில் புள்ளியோ கோடோ கிடையாது.

அடைகாப்பது பெட்டைதான், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த நாட்களில் ஆண் இரை கொண்டுவந்து, தொண்டையிலிருந்து கக்கி, அலகோடு அலகு வைத்து ஊட்டும். பொரிந்து வரும் குஞ்சுக்கு ஒரு தூவல் கூட இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. பறந்து வெளியே வர ஆறேழு வாரம் ஆகும். அதாவது ஒரு பொந்து, ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து வாரம் யாரும் கைவைக்காமல் கிடைக்க வேண்டும்.

மொட்டைப் பனையை வெட்டினா என்ன? அது செத்த மரம்தானே?

நுங்கும் கிடையாது, பதநீரும் கிடையாது, எப்போது விழுமோ என்ற பயம் வேறு. வெட்ட நினைப்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மொட்டைப் பனையின் அடியில் தை மாதக் காலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். உச்சிக் குழியில் கிளி எட்டிப் பார்க்கும். அதே மரத்துக்குப் பனங்காடையும் போட்டி போடும். கீழே ஒரு துளையில் மைனா, இன்னொன்றில் புள்ளி ஆந்தை. இத்தனை பேருக்கும் ஒரே வீடு அது. பச்சையாகத் தழைத்து நிற்கும் பனையில் இந்தப் பொந்துகள் உண்டாவதில்லை. பனை பட்டுப்போய் உள்சோறு உளுத்த பிறகே பறவைகளுக்குத் திறக்கிறது.

பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. அது பனையைக் காக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் செத்த பனையை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். வீட்டின் மேலோ சாலையின் மேலோ விழும் ஆபத்து இல்லாத இடத்தில், வரப்போரத்தில், கண்மாய்க் கரையில் நிற்கும் மொட்டைப் பனையை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வெட்டாமல் இருந்தாலே போதும்.

எங்க ஊர்க் கோயில் கோபுரத்துல கிளி இருக்கு. திருப்பணி நடக்கப்போகுது, ஓட்டையெல்லாம் அடைச்சிடுவாங்களே?

மேலே சொன்ன மாதக் கணக்கு இங்கேதான் உதவும். மார்கழியிலிருந்து சித்திரை வரை ஓட்டைக்குள் முட்டையோ குஞ்சோ இருக்க வாய்ப்பு அதிகம். சாரம் கட்டி அப்போது பூசினால் குஞ்சுகள் உள்ளேயே அடைபட்டுச் சாகும். பூச்சு வேலையை வைகாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். முடியாதென்றால், அடைக்கும் முன் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டடத்துக்குக் கெடுதல் இல்லாத சில ஓட்டைகளை அப்படியே விட்டுவைக்க முடியுமா என்றும் ஸ்தபதியிடம் கேட்கலாம். கேட்டால் காது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கிளி என்னென்ன சாப்பிடும்? மிளகாய் உறைக்காதா அதுக்கு?

ஆல், அத்தி, வேம்பு, நாவல், கொய்யா, மா, கோவைப்பழம். நெல், சோளம், கம்பு, தினை, சூரியகாந்தி. இலவம், கல்யாண முருங்கை பூக்கும் காலத்தில் பூவைக் கடித்துத் தேன் குடிக்கும். மொட்டும் தளிரும் சேர்த்தி.

மிளகாய் உறைக்காது. நம் வாயில் காரத்தை உணரவைக்கும் கேப்சைசின் என்ற பொருள், பாலூட்டிகளின் நரம்பில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. பறவைகளிடம் அந்த ஏற்பியின் அமைப்பு வேறு, அதனால் கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. கிளி மிளகாயைத் தின்பதில் வீரம் ஒன்றும் இல்லை, அதற்கு அது வெறும் காய்.

ஒரு கொய்யாவைக்கூட முழுசா தின்னாம, கடிச்சுக் கடிச்சுப் போடுதே. ஏன்?

அதற்கு வேண்டியது பல நேரம் சதை அல்ல, விதை. ஒற்றைக் காலில் பழத்தைப் பிடித்துத் திருப்பி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை நழுவ விடும். கால் விரல்கள் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக இருப்பதால்தான் அப்படிக் கைபோலப் பிடிக்க முடிகிறது. நமக்கு அது வீண். ஆனால் கீழே விழுவதை அணிலும் எறும்பும் ஆடும் விடுவதில்லை.

கிளி விதை பரப்பும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. குயிலும் புறாவும் விழுங்கி வேறிடத்தில் எச்சமிடுவது போல இது செய்வதில்லை. பெரும்பாலான விதைகளை உடைத்துத் தின்றுவிடும். தூக்கிக்கொண்டு போகும் வழியில் நழுவ விட்டவைதான் முளைக்கும்.

எங்க சோளக்காட்டைப் பாதி அழிச்சிடுச்சு. காப்பாத்தணும்னு சொல்றீங்களே, நான் என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்பவரின் கோபம் நியாயமானது. ஒரு கூட்டம் கதிரில் இறங்கினால் உழைப்பு கண்முன்னே போகும். இது புதிய சண்டையும் இல்லை. சங்க காலத்தில் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, தட்டை, குளிர் என்ற ஓசைக் கருவிகளும் கவணும் கொண்டு கிளி ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டினார்கள், கொல்லவில்லை.

இன்று செய்யக்கூடியவை: மக்காச்சோளக் கதிரை அதன் பக்கத்து இலைகளாலேயே சுற்றிக் கட்டுவது; வேலை பிடிக்கும், ஆனால் ஓரத்து வரிசைகளுக்கு மட்டும் செய்தாலே சேதம் குறையும், கிளி பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். பளபளக்கும் நாடாவை முறுக்கி, கம்புகளுக்கு இடையே கட்டினால் காற்றில் அதிர்ந்து மின்னும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் விட்டால் கிளிக்குப் பழகிவிடும். அதனால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மட்டும் கட்டி, இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். கொய்யாவுக்குப் பை கட்டலாம். மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று போர்த்த வேண்டாம், கிளியோடு பாம்பும் ஆந்தையும் சிக்கிச் சாகும். விஷம் வைப்பதும் சுடுவதும் சட்டப்படிக் குற்றம். அக்கம்பக்கத்தார் ஒரே சமயத்தில் விதைத்தால் ஒருவர் காட்டில் மட்டும் மொத்தக் கூட்டமும் விழுவது குறையும்.

மாடியில ஊறவெச்ச அரிசி போடுறோம், நிறைய கிளி வருது. நல்லதுதானே?

அன்போடு செய்வது என்று தெரியும், அதனால் நிறுத்துங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் அரிசி அதற்கு முழு உணவு அல்ல. ஒரே பலகையில் பல பறவைகள் கூடினால் எச்சம் வழியாக நோய் பரவும். தினமும் பலகையைக் கழுவுங்கள், மிச்சத்தைப் புளிக்க விடாதீர்கள், சமைத்த சோறும் உப்புப் போட்டதும் வேண்டாம். கோடையில் தண்ணீர் வைப்பது அரிசியைவிடப் பெரிய உதவி.

என் கருத்தைக் கேட்டால், ஊரில் கிளிக்குத் தட்டுப்பாடு இரையில் இல்லை, பொந்தில்தான். ஒரு வேம்பையோ அத்தியையோ நட்டு, பழைய மரம் ஒன்றை வெட்டவிடாமல் தடுத்தால் இரையும் வீடும் சேர்ந்து கிடைக்கும்.

காட்டுல இருக்கிற கிளி பேசுமா? நாக்கைச் சுரண்டிவிட்டா பேசும்னு சொல்றாங்களே?

தயவுசெய்து சுரண்டாதீர்கள். கிளியின் குரல் மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் உள்ள குரல் உறுப்பிலிருந்து வருகிறது. நாக்கு அந்த ஒலியைத் திருத்த உதவுகிறது. நாக்கைப் புண்ணாக்கினால் இரை எடுக்க முடியாமல் போகுமே தவிர, பேச்சு வராது.

கேட்ட ஒலியைக் கற்றுத் திருப்பிச் சொல்லும் திறமை வெகு சில பறவைக் குலங்களுக்கே உண்டு. காட்டில் அந்தத் திறமை தன் கூட்டத்தின் குரலைப் பழகவும், இணையோடு தொடர்பு வைக்கவும் பயன்படுகிறது. கூண்டில் தனியாக அடைபட்ட கிளிக்குக் கூட்டம் என்று இருப்பது நாம் மட்டும்தான், அதனால் நம் ஒலியைக் கற்கிறது. அது பேசுவதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வீட்டுல கிளி வளர்க்கலாமா? எல்லாரும் வளர்க்கிறாங்களே.

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கிளியையும் காக்கிறது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது எல்லாம் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். கிளி ஜோசியத்துக்கு வைத்திருப்பதும் இதில் அடங்கும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சந்தைக்கு வரும் குஞ்சு பொந்திலிருந்து எடுக்கப்பட்டது. எட்டாத உயரம் என்றால் பொந்தின் வாயை வெட்டிப் பெரிதாக்குவார்கள், சில நேரம் மரத்தையே சாய்ப்பார்கள். குஞ்சு போனதோடு, அடுத்த ஆண்டுக்கான வீடும் போய்விடும்.

மீனாட்சி அம்மன் கையிலேயே கிளி இருக்கே. வீட்டுல வெச்சுக்கிட்டா தப்பா?

மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது, ஒரு காலத்தில் அங்கே உயிருள்ள கிளிகளை வைத்திருந்தார்கள். இன்று அப்படி வைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருப்பது தினமும் புதிதாக இலைகளால் கட்டப்படும் கிளி. மாதுளை மொட்டு அதற்கு அலகு. கிளியின் மேல் பக்தியும் பிரியமும் இருப்பவர்களுக்கு அதைவிட அழகான முன்மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

குஞ்சு ஒண்ணு கீழே விழுந்து கிடக்கு. என்ன செய்யணும்?

முதலில் அண்ணாந்து பொந்தைத் தேடுங்கள். தெரிந்தால், எட்டினால், திரும்ப உள்ளே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மை அல்ல. சிறகு முளைத்து, தத்தித் தத்திப் பறக்கப் பார்க்கும் குஞ்சு என்றால், பூனையும் நாயும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நின்று கவனியுங்கள். பெற்றோர் குரல் கேட்டு வரும்.

பொந்து தெரியவில்லை, அல்லது அடிபட்டிருக்கிறது என்றால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, கதகதப்பாக வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். பாலும் பிரெட்டும் கொடுக்காதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காப்பாற்றிய குஞ்சு என்பதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் முடியாது, மேலே சொன்ன சட்டம் அதற்கும் பொருந்தும்.

அப்ப சரி, வளர்த்த கிளியைத் திறந்து விட்டுடறேன். போதும்ல?

போதாது. சிறகு வெட்டப்பட்டிருந்தால், அந்த இறகு உதிர்ந்து புதியது முளைத்தால்தான் பறக்க முடியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிறகு முழுதாக இருந்தாலும், கூண்டில் இருந்ததில் பறக்கும் தசை தளர்ந்திருக்கும். பருந்தையும் வைரியையும் பூனையையும் அது அறியாது. காட்டுக் கிளியின் கூட்டமும் உடனே சேர்த்துக்கொள்ளாது. திறந்துவிட்ட அன்றே அடிபட்டு விழும் கிளிகள் பல.

வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர்கள் தேடி வந்து எடுப்பதைவிட எல்லா வகையிலும் நல்லது. பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, உடல்நிலை பார்த்து, கூட்டமாக விடுவதுதான் சரியான வழி. சில கிளிகள் அதற்கும் தேறாது. அவை மறுவாழ்வு மையத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

கடையில நீலக் கிளி, மஞ்சள் கிளி விக்கிறாங்களே. அது வெளிநாட்டுக் கிளிதானே?

வாலும் அலகும் உருவமும் இதே போல இருந்தால், பல நேரம் அதுவும் செந்தார்ப் பைங்கிளிதான். கிளியின் பச்சையில் இரண்டு பங்கு உண்டு: சிட்டகோஃபுல்வின் என்ற மஞ்சள் நிறமி, அதோடு இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலம். மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறமி இல்லாது போனால் நீலக் கிளி. கறுப்பு நிறமி இல்லாது போனால் மஞ்சள் கிளி. காட்டில் இப்படிப் பிறப்பது மிக அரிது. கூண்டில் இணை சேர்த்துப் பெருக்குகிறார்கள். நிறம் மாறியதால் இனம் மாறிவிடாது. லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சிறு பறவைகள் வேறு, அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகார்.

லண்டன்ல நம்ம கிளி இருக்காமே? அங்க அதைத் தொல்லைங்கிறாங்களாமே?

இரண்டும் உண்மை. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, 1970-களிலிருந்து லண்டன் சுற்றுப்புறத்தில் நிலைத்துவிட்டன. பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களிலும் உண்டு. அங்கே போய் இது செய்வதும் பொந்து பிடிக்கும் வேலைதான், ஆனால் அந்த ஊர்ப் பொந்துகளை நம்பியிருப்பவர்கள் வேறு. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில், மரப்பொந்தில் வாழும் ஒரு பெரிய வௌவால் இனத்தைத் தாக்கி விரட்டுகின்றன. மொரீஷியஸ் தீவில் இதன் நெருங்கிய உறவான எக்கோ கிளி 1980-களில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குக் குறைந்து, பெரும்பாடுபட்டு நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டது. அங்கும் நம் கிளி பொந்துக்குப் போட்டியாக நிற்கிறது.

அதனால் இங்கே இதைக் காக்கச் சொல்வதும், அங்கே இதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த நினைப்பதும் முரண் அல்ல. வளர்ப்பதற்கென்று பறவைகளைப் பிடித்து ஏற்றிய வியாபாரம்தான் இரண்டு இடத்துக் கேட்டுக்கும் வேர்.

பொந்து இல்லைங்கிறீங்க. மரப்பெட்டி செஞ்சு மாட்டினா வருமா?

வரலாம். கெட்டியான மரப் பலகையில், அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி. மேல்பக்கம் கிளி நுழையும் அளவுக்கு, சுமார் 7 செ.மீ. வட்டத் துளை. அடியில் நான்கு விரல் கனத்துக்கு மரத்தூளும் சிராயும். உள்சுவரைச் சொரசொரப்பாக விடுங்கள், குஞ்சு ஏறி வர வேண்டுமே. வெயில் நேராக அடிக்காத பக்கமாக, கார்த்திகைக்குள் உயரமாகக் கட்டிவிடுங்கள்.

முதல் ஆண்டு மைனா வரும், இல்லையென்றால் அணில் வரும். ஆந்தை வந்தாலும் வரும். யார் வந்தாலும் இறக்காதீர்கள், அவர்களுக்கும் வீடு இல்லாமல்தான் வருகிறார்கள். அவர்கள் பெட்டியில் தங்கினால், பக்கத்து மரத்தில் ஒரு பொந்து கிளிக்கு மிச்சமாகும்.